தன் பள்ளிகளைத் தானே மூடிய ஆசான்: புரூஸ் லீ

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள லேக் வியூ மயானத்தில் இரண்டு கல்லறைகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று தந்தையுடையது, மற்றையது மகனுடையது. உலகின் பல நாடுகளிலிருந்தும் வருபவர்கள் அங்கே பூக்களையும் நாணயங்களையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். தந்தையின் கல்லறையைப் பல தசாப்தங்களாகக் கவனித்து வந்தவர் அவரது மாணவர்களில் ஒருவரான டாக்கி கிமுரா. சியாட்டிலில் குடும்பத்தோடு பலசரக்குச் சந்தை நடத்திய ஜப்பானிய அமெரிக்கர். 2021 ஜனவரியில், தன் 96ஆவது வயதில் இறந்தார்.

கிமுரா தன் ஆசிரியரைவிட 16 வயது மூத்தவர். அவர் முதன்முதலாக அந்த ஆசிரியரிடம் போனபோது ஆசிரியருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. அந்த ஆசிரியர்தான் புரூஸ் லீ.

சலூன் சுவர்களிலும் ரீ-சேர்ட்டுகளிலும் வீடியோக் கடைகளிலும் பார்த்துப் பழகிய முகம் அது. நமக்குத் தெரிந்த புரூஸ் லீ ஒரு நடிகர், ஒரு சண்டைக்காரர். ஆனால், 1959இல் அமெரிக்காவில் இறங்கியதிலிருந்து 1971இல் ஹொங்கொங் திரையில் நட்சத்திரமாகும் வரையான பன்னிரண்டு ஆண்டுகளில் அவருடைய தொழிலில் பெரும்பகுதி கற்பித்தல்தான். யாருக்குக் கற்பிக்கலாம், ஆசிரியரை மாணவர் எவ்வளவு தூரம் பின்பற்ற வேண்டும், ஒரு கலையைப் பள்ளியாக்கினால் அது உயிரோடிருக்குமா ஆகிய மூன்று கேள்விகளும் அந்த ஆண்டுகள் முழுவதும் அவரை விடவில்லை. மேற்குலகின் தற்காப்புக்கலைப் பள்ளிகள் இன்றும் அதே கேள்விகளோடுதான் மல்லுக்கட்டுகின்றன.

வெளியே தள்ளப்பட்ட மாணவன்

புரூஸ் லீ 1940 நவம்பர் 27ஆம் திகதி சன் பிரான்சிஸ்கோவின் சைனா டவுனில் பிறந்தார். தந்தை லீ ஹொய்-சுவென் கன்டொனீஸ் இசை நாடகக் கலைஞர். நாடகக் குழுவோடு அமெரிக்காவில் பயணம் செய்துகொண்டிருந்தபோது பிறந்த பிள்ளை என்பதால் புரூஸுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. மறு ஆண்டே குடும்பம் ஹொங்கொங் திரும்பியது. அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானியப் படை ஹொங்கொங்கைப் பிடித்தது. ஆக்கிரமிப்பின் கீழ்தான் அவருடைய முதல் சில ஆண்டுகள் கழிந்தன.

போருக்குப் பிறகான ஹொங்கொங் அகதிகளால் நிரம்பி வழிந்தது. சீனப் பெருநிலத்தில் ஆட்சி மாறியபோது தெற்கே ஓடிவந்தவர்களில் இப் மான் என்ற நடுவயதுக்காரரும் ஒருவர். ஃபொஷான் நகரில் வசதியாக வாழ்ந்த அவர், ஹொங்கொங்கில் பிழைப்புக்காக உணவகத் தொழிலாளர் சங்கத்தின் கட்டடத்தில் விங் சுன் கற்பிக்கத் தொடங்கினார். சிறு வயதிலேயே சினிமாவில் நடித்துக்கொண்டும், தெருச் சண்டைகளில் மாட்டிக்கொண்டும் திரிந்த புரூஸ், பதின்ம வயதின் தொடக்கத்தில் அவரிடம் சேர்ந்தார்.

சீனக் குங்ஃபூப் பள்ளி ஒரு குடும்பம் போல அமைந்தது. ஆசிரியரைக் கன்டொனீஸ் மொழியில் 'சிஃபு' என்பார்கள். ஆசிரியர், தந்தை என்ற இரண்டு பொருளும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. முன்னதாகச் சேர்ந்தவர் வயதில் இளையவராக இருந்தாலும் அண்ணன்தான். ஆசிரியரின் ஆசிரியர் தாத்தா முறை. மாணவன் முழந்தாளிட்டுத் தேநீர் கொடுத்து, ஆசிரியர் அதை வாங்கிக் குடித்தால் அவன் அந்த வீட்டுப் பிள்ளை. நம்மிடம் வெற்றிலை பாக்கும் தட்சணையும் வைத்து ஆசானின் காலைத் தொடும் வழக்கம் இருப்பது போலத்தான்.

குடும்பம் என்றால் உள்ளே இருப்பவர், வெளியே நிற்பவர் என்ற பிரிவும் வரும். புரூஸின் தாய் கிரேஸ் ஹோவின் உடலில் ஐரோப்பிய இரத்தமும் கலந்திருந்தது. இது உடன் பயின்றவர்களுக்குத் தெரியவந்தபோது, முழுச் சீனரல்லாத ஒருவனோடு பயிற்சி செய்ய மாட்டோம் என்று பலர் மறுத்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இப் மானின் வகுப்பிலிருந்து அவர் மெல்ல மெல்ல விலக்கப்பட்டார். அதன் பிறகு பெரும்பாலும் மூத்த மாணவரான வொங் சுன்-லியுங்கிடம் தனியாகப் பயின்றார்.

துரோணரின் வாசலில் நின்ற ஏகலைவனின் கதை நமக்குப் புதிதல்ல. இங்கே ஆசிரியர் மாணவனை முற்றாகக் கைவிடவில்லை என்பது ஒரு வித்தியாசம். ஆனாலும் தன் பிறப்பின் காரணமாக ஒரு கலையின் வாசலில் நிறுத்தப்படுவது எப்படியிருக்கும் என்பதைப் புரூஸ் பதினாறு, பதினேழு வயதிலேயே அறிந்துகொண்டார்.

நூறு டொலரோடு வந்தவர்

தெருச் சண்டைகள் எல்லைமீறிப் பொலிஸ்வரை போகவே, மகனை அமெரிக்காவுக்கு அனுப்புவதென்று பெற்றோர் தீர்மானித்தார்கள். 1959இல் கையில் நூறு டொலரோடு அவர் கப்பலேறினார். சியாட்டிலில் தந்தையின் நண்பர்களான சௌ குடும்பத்தினரின் உணவகத்தில் பரிமாறுபவராக வேலை. மேல்மாடியில் ஒரு சின்ன அறை. பகலில் எடிசன் தொழில்நுட்பப் பாடசாலையில் படித்து உயர்தரத்தை முடித்தார். 1961இல் வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அந்தப் பாடசாலையில் அவருக்குக் கிடைத்த முதல் மாணவர் ஜெஸி குளோவர் என்ற கறுப்பின இளைஞர். சிறுவனாக இருந்தபோது குடிபோதையிலிருந்த ஒரு பொலிஸ்காரர் தாக்கியதில் குளோவரின் தாடை உடைந்தது. தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்ற வெறி அன்றிலிருந்து அவருக்குள் இருந்தது. ஜூடோ பயின்றிருந்தார். ஆனால் குங்ஃபூ கற்பதற்கு ஒரு கறுப்பினத்தவருக்கு அந்நாட்களில் கதவு எளிதில் திறக்கவில்லை. புரூஸ் திறந்தார்.

குளோவர் தன் நண்பர்களை அழைத்து வந்தார். கறுப்பினத்தவர், வெள்ளையர், ஜப்பானிய வம்சாவளியினர், சீனர் என்று ஒரு கலவையான கூட்டம் பூங்காக்களிலும் வாகனத் தரிப்பிடங்களிலும் பயிற்சி செய்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையரோடு ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடுவதற்காகப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கூட்டத்தில் கட்டணம் இல்லை, சீருடை இல்லை, வணக்கம் சொல்லும் சடங்கும் இல்லை. புரூஸுக்குத் தான் கற்றதைச் சோதித்துப் பார்க்க உடல்கள் தேவைப்பட்டன. அவர்களுக்கு ஒரு ஆசிரியர் தேவைப்பட்டார்.

டாக்கி கிமுரா அந்தக் கூட்டத்துக்குள் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தது. 1942இல், ஜப்பானோடு போர் மூண்டிருந்த நிலையில், அமெரிக்க அரசு மேற்குக் கரையோரத்திலிருந்த ஜப்பானிய வம்சாவளியினரைக் குடும்பம் குடும்பமாக முகாம்களில் அடைத்தது. அமெரிக்காவில் பிறந்த குடிமகனான கிமுராவும் துல் லேக், மினிடோகா முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார். போர் முடிந்து வெளியே வந்தபோது வேலை கிடைக்கவில்லை. சமூகம் முகம் திருப்பியது. அந்த ஆண்டுகள் தன்னை மனிதனாகவே உணரவிடாமல் செய்துவிட்டன என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கூனிக் குறுகி நின்ற அந்த மனிதருக்குப் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்தான். உடை உடுத்தும் விதத்தைக்கூட மாற்றச் சொன்னான். கிமுரா அவருடைய உதவி ஆசிரியரானார், நெருங்கிய நண்பரானார். 1964இல் புரூஸின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவரும் அவர்தான்.

ஒரு சொல், இரண்டு உலகம்

அன்றைய அமெரிக்காவில் கிழக்கத்தேயத் தற்காப்புக்கலைப் பள்ளிகள் எப்படியிருந்தன என்பதை இங்கே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிலும் ஒக்கினாவாவிலும் பின்னர் கொரியாவிலும் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் அங்கே கராட்டியும் ஜூடோவும் கற்றார்கள். ஊர் திரும்பியதும் பள்ளிகளைத் திறந்தார்கள். வெள்ளைச் சீருடை, இடுப்பில் பட்டி, வாசலில் குனிந்து வணக்கம், ஜப்பானிய மொழியில் எண்ணிக்கை என எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். அதோடு படைமுகாமின் ஒழுங்கும் கலந்தது.

கறுப்புப் பட்டி 1880களில் ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோவின் ஏற்பாடு. மாணவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று காட்டுவதற்கான எளிய வழி அது. மேற்கே போன பிறகு பட்டிகளின் நிறங்கள் பெருகின. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தேர்வு, ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கட்டணம் என்று பள்ளிகள் வணிகமாகவும் வளர்ந்தன. ஆசிரியர் சொன்னால் கேள்வி கேட்கக்கூடாது என்ற வழக்கம், அது எந்தச் சமூகத்தில் எதற்காக உருவானது என்ற பின்னணி இல்லாமலே அமெரிக்க நகரங்களுக்கு வந்து சேர்ந்தது.

1963இல் புரூஸ் சியாட்டிலில் பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து ஜுன் ஃபான் குங்ஃபூ நிறுவனத்தைத் தொடங்கினார். ஜுன் ஃபான் என்பது அவருடைய சீனப் பெயர். இப்போது அவருடைய கூட்டத்துக்கும் விதிகள் வந்தன. மாதக் கட்டணம் 22 டொலர். வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கைமுட்டியை மறு உள்ளங்கையோடு சேர்த்து வணக்கம். வகுப்புக்குள் அவரைச் சிஃபு என்று அழைக்க வேண்டும். வெளியே வந்தால் பழையபடி புரூஸ்.

இந்த மாற்றம் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் தோளில் கைபோட்டுப் பேசியவனைச் சிஃபு என்று அழைப்பது பழைய நண்பர்கள் சிலருக்குச் சங்கடமாக இருந்தது. பயிற்சிக் கூட்டம் முறைப்படியான பள்ளியாக மாறியபோது முதல் மாணவரான குளோவரும் வேறு சிலரும் விலகிக்கொண்டார்கள். குளோவர் பின்னாளில் தனக்குத் தெரிந்ததைத் தன் வழியில் கற்பித்தார். புரூஸின் பிற்காலப் புகழிலிருந்து கடன் வாங்காமல், மரபுசாராக் குங்ஃபூ என்ற பொருள்படும் பெயரையே அதற்கு வைத்துக்கொண்டார்.

தன்னை வெளியே தள்ளிய அமைப்பின் சொற்களையும் படிநிலைகளையும் புரூஸ் ஏன் மறுபடியும் எடுத்துக்கொண்டார்? வாடகை கட்ட வேண்டியிருந்தது ஒரு காரணம். மாணவர் தொகை கூடும்போது ஒழுங்கு தேவைப்பட்டது இன்னொன்று. சீனப் பண்பாட்டை அமெரிக்கர்களுக்கு மதிப்போடு அறிமுகப்படுத்த வேண்டும் என்ற விருப்பமும் அந்த வயதில் அவருக்குப் பலமாக இருந்தது. அதே ஆண்டு அவர் வெளியிட்ட சிறுநூலில் உதைகளுக்கும் குத்துகளுக்கும் இடையே தாவோ தத்துவமும் வருகிறது.

அந்தப் பள்ளியின் மாணவிகளில் ஒருவர் லிண்டா எமெரி. 1964 ஓகஸ்டில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். வெள்ளையினப் பெண் சீனரை மணப்பதை லிண்டாவின் குடும்பம் தொடக்கத்தில் ஏற்கவில்லை. கலப்புத் திருமணத்தைத் தடுக்கும் சட்டங்கள் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்போதும் இருந்தன. 1967இல்தான் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவையாக்கியது.

ஒக்லன்டில் ஒரு மோதல்

திருமணத்துக்குப் பின் இருவரும் கலிபோர்னியாவின் ஒக்லன்ட் நகருக்குப் போய் ஜேம்ஸ் யிம் லீயின் வீட்டில் தங்கினார்கள். ஜேம்ஸ் ஒரு வெல்டிங் தொழிலாளி. அதோடு, அந்தப் பகுதியில் ஏற்கனவே பெயர் பெற்றிருந்த குங்ஃபூக்காரர், தற்காப்புக்கலை நூல்களை எழுதி வெளியிட்டவர். புரூஸைவிட 20 வயது மூத்தவர். ஆனாலும் புரூஸின் திறமையைக் கண்டதும் தன் பெருமையை ஒதுக்கிவைத்துவிட்டு அவரிடம் கற்கத் தொடங்கினார். திருமண மோதிரத்தைக்கூட ஜேம்ஸின் மனைவியிடம்தான் புரூஸ் இரவல் வாங்கியிருந்தார். சில வாரங்களில் அந்த மனைவி புற்றுநோயால் இறந்தபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் லிண்டா. ஆசிரியர் மாணவரின் வீட்டில் குடியிருந்தார், மாணவரின் பிள்ளைகள் ஆசிரியரின் மனைவியிடம் வளர்ந்தார்கள்.

1964இன் இறுதியில், ஒக்லன்ட் பள்ளியில் வொங் ஜாக் மான் என்ற இளம் குங்ஃபூக் கலைஞரோடு பூட்டிய கதவுக்குள் புரூஸ் மோதினார். லிண்டா அப்போது கர்ப்பிணி. சீனர் அல்லாதவருக்குக் கற்பிப்பதை நிறுத்து என்று சன் பிரான்சிஸ்கோ சைனா டவுன் மூத்தவர்கள் விடுத்த எச்சரிக்கையின் விளைவே அந்தச் சண்டை என்பது லிண்டாவின் பதிவு. அவருடைய கணக்கில் மூன்று நிமிடத்தில் புரூஸ் வென்றுவிட்டார். புரூஸ் மேடையில் பகிரங்கமாகச் சவால் விட்டதால்தான் தான் போனதாகவும், சண்டை இருபது நிமிடத்துக்கும் மேல் நீண்டு தெளிவான முடிவில்லாமல் நின்றதாகவும் வொங் தரப்பு சொன்னது.

இன அடிப்படையிலான தடை பற்றிய கதையைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. சைனா டவுன் ஆசிரியர்கள் சிலர் அந்தக் காலத்திலேயே வெளியாரைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். வொங்கும் பின்னாளில் பல்லாண்டுகள் எல்லா இனத்தவருக்கும் கற்பித்தார். அதேவேளை, தங்களைத் தாழ்த்தி வைத்திருந்த ஒரு நாட்டில் தங்களுக்கென்று மிஞ்சியிருந்த ஒன்றை வெளியே கொடுக்க ஒரு சிறுபான்மைச் சமூகம் தயங்கியதில் வியப்பும் இல்லை. அமெரிக்கா 1882இலிருந்து 1943 வரை சீனத் தொழிலாளர் குடியேற்றத்தைச் சட்டம் போட்டுத் தடுத்த நாடு. அடைக்கப்பட்ட கதவுக்குப் பின்னால் ஒரு கலை பாதுகாக்கப்பட்டது என்றால், கதவை முதலில் அடைத்தவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும்.

சண்டை தொடர்பான கணக்கு எதுவாக இருந்தாலும், அதன் பின் புரூஸ் மகிழ்ச்சியாக இல்லை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதிராளி விலகி ஓடியபோது, தான் கற்ற விங் சுன் துரத்துவதற்கு உதவவில்லை. மூச்சு வாங்கியது. தன் ஆசிரியர் கொடுத்தது போதவில்லை என்ற கசப்பான உண்மை அன்று அவருக்குத் தெரிந்தது.

வாசலில் ஒரு சமாதிக் கல்

அடுத்த சில ஆண்டுகள் அவர் மீண்டும் மாணவரானார். இம்முறை ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. புத்தகங்களும் திரைச்சுருள்களும்தான். ஜாக் டெம்ப்சியின் குத்துச்சண்டை நூல், இத்தாலிய வாள்வீச்சு வீரர் அல்டோ நாடியின் நூல் போன்றவற்றைக் கோடு போட்டுக் குறிப்பெழுதிப் படித்தார். முகம்மது அலியின் சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அண்ணன் பீற்றர் வாள்வீச்சு வீரர் என்பதால் அந்தக் கலை அவருக்கு முற்றிலும் புதிதல்ல. எதிராளி தாக்கத் தொடங்கும் கணத்திலேயே குறுக்கிட்டுத் தாக்கும் உத்தி ஐரோப்பிய வாள்வீச்சில் உண்டு. 1967இல் அவர் தன் முறைக்கு ஜீட் குன் டோ என்று பெயரிட்டார். குறுக்கிடும் முட்டியின் வழி என்பது அதன் பொருள். கிழக்கின் கலை மேற்கே போன கதையாகவே இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். மேற்கின் பழைய சண்டைக்கலைகள் ஒரு சீனரின் கையில் புதுவடிவம் எடுத்ததும் இதே கதைக்குள் இருக்கிறது.

1967 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் சைனா டவுனில் அவருடைய மூன்றாவது பள்ளி திறந்தது. வெளியே பெயர்ப்பலகை இல்லை. யன்னல்கள் மறைக்கப்பட்டிருந்தன. யாரைச் சேர்ப்பது என்பதை அவரும் உதவி ஆசிரியர் டான் இனொசான்டோவும் முடிவு செய்தார்கள். பிலிப்பைன்ஸ் வம்சாவளியினரான இனொசான்டோ, எட் பார்க்கரிடம் கென்போ கராட்டியில் கறுப்புப் பட்டி பெற்றவர், புரூஸைவிட நான்கு வயது மூத்தவர். 1964இல் லோங் பீச் கராட்டிப் போட்டிக்கு விருந்தினராக வந்த புரூஸுக்குத் துணையாக இருக்கும்படி பார்க்கர் அனுப்பிய ஆள்தான் அவர். பின்னாளில் புரூஸின் அடையாளமாகிப்போன நுன்சாக்குவை அவருக்கு அறிமுகப்படுத்தியவரும் இந்த மாணவர்தான்.

பள்ளியில் மாணவர்களின் பார்வையில் படும்படி ஒரு சிறிய சமாதிக் கல் வைக்கப்பட்டிருந்தது. புரூஸின் யோசனைப்படி ஒக்லன்ட் மாணவர் ஜோர்ஜ் லீ செய்து கொடுத்தது. மரபு வடிவங்களுக்குள் நெருக்கப்பட்டு உயிர்விட்ட மனிதனின் நினைவாக என்ற கருத்து அதில் பொறிக்கப்பட்டிருந்தது. பட்டிகளும் இல்லை. படிநிலையைக் காட்ட வட்டங்களைப் பயன்படுத்தினார். முதல் நிலைக்கு வெற்று வட்டம். இறுதி நிலைக்கும் அதே வெற்று வட்டம். படிநிலை முறையையே கேலி செய்யும் படிநிலை அது.

இவ்வளவுக்கும் நடுவில் வணக்கமும் சிஃபு என்ற அழைப்பும் மட்டும் தொடர்ந்தன. மரபை எவ்வளவுதான் திட்டினாலும், கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும் இடையே ஒரு மரியாதை வேண்டும் என்பதை அவர் விடவில்லை. தாக்க வரும் கையை நம்பி இன்னொருவர் முன் நிற்க வேண்டிய இடத்தில் அந்த மரியாதைக்கு ஒரு பாதுகாப்புக் காரணமும் உண்டு.

மணிக்கு 275 டொலர்

'த கிரீன் ஹோர்னெட்' தொலைக்காட்சித் தொடரில் கேட்டோ என்ற பாத்திரத்தில் நடித்த பிறகு ஹொலிவூட் அவரைத் தேடி வந்தது, ஆனால் நடிகராக அல்ல. ஸ்டீவ் மக்குயின், ஜேம்ஸ் கோபர்ன், திரைக்கதையாசிரியர் ஸ்டர்லிங் சிலிஃபன்ட் போன்றவர்கள் தனிப் பயிற்சிக்கு வந்தார்கள். கட்டணம் ஒரு மணி நேரத்துக்கு 275 டொலர் வரை போனது. சக் நொரிஸ், ஜோ லூயிஸ், மைக் ஸ்டோன் ஆகிய கராட்டிச் சம்பியன்களும் அவரோடு பயிற்சி செய்தார்கள். ஏற்கனவே தங்கள் துறையில் முதலிடத்தில் இருந்தவர்களைப் புரூஸின் மாணவர்கள் என்று எழுதியபோது எல்லோரும் அதை விரும்பவில்லை. ஆசிரியரா, பயிற்சித் தோழரா என்ற அந்த வழக்கு அவர் இறந்த பிறகும் ஓயவில்லை.

கேட்டோவின் பெயரில் நாடு முழுவதும் குங்ஃபூப் பள்ளிகளைத் திறக்கலாம் என்று முதலீட்டாளர்கள் கேட்டார்கள். கையில் காசில்லாத காலம்.  ஆனாலும் மறுத்துவிட்டார். தன் கண்பார்வையில் இல்லாத பள்ளிகளில் தன் பெயரால் எது கற்பிக்கப்படும் என்பதற்கு அவரால் பொறுப்பேற்க முடியவில்லை.

1970 ஜனவரியில் அதற்கும் ஒரு படி மேலே போனார். சியாட்டிலில் கிமுரா, ஒக்லன்டில் ஜேம்ஸ் லீ, லொஸ் ஏஞ்சல்ஸில் இனொசான்டோ ஆகிய மூவரிடமும் பள்ளிகளை மூடும்படி கேட்டுக்கொண்டார். தான் தேடலில் கண்ட சில வழிகளை மாணவர்கள் முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டு, இன்னொரு மரபை உருவாக்கிவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். விரும்பினால் சிறு குழுவாக, தனிப்பட்ட முறையில் கற்பிக்கலாம். பள்ளி, பலகை, விளம்பரம் வேண்டாம்.

அதே ஆண்டு பாரம் தூக்கும் பயிற்சியில் முதுகு பாதிக்கப்பட்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். இனி உதைக்கவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள். அந்த நாட்களில் குறிப்பேடுகளை நிரப்பினார். அவற்றை நூலாக வெளியிட அவர் உயிரோடிருந்தவரை சம்மதிக்கவில்லை. அச்சில் வந்தால் அதுவே வேதமாகிவிடும் என்ற அதே பயம்தான்.

திரையில் ஒரு சீடன்

ஹொலிவூட் முக்கிய வேடம் கொடுக்க மறுத்ததால் ஹொங்கொங் திரும்பினார். 1971இல் 'த பிக் பொஸ்' அவரை ஆசியா முழுவதற்கும் அறிமுகப்படுத்தியது. 1972இல் வந்த 'ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி' ஒரு மாணவனின் கதை. ஆசிரியரின் இறுதிச்சடங்குக்கு ஓடிவரும் சென் ஷென், மழையில் சவப்பெட்டியின் மேல் விழுந்து கதறுகிறான். பின்னர் ஆசிரியரைக் கொன்றவர்களைப் பழிவாங்குகிறான். பள்ளிகளை மூடிய ஆசிரியர், திரையில் உலகிலேயே விசுவாசமான சீடனாக நடித்தார்.

அந்த ஆண்டு டிசம்பரில் இப் மான் ஹொங்கொங்கில் இறந்தார். புகழின் உச்சியில் அதே நகரத்தில் இருந்த புரூஸ் இறுதிச்சடங்குக்குப் போகவில்லை. திரையில் ஆசிரியருக்காக உயிரைக் கொடுத்தவன் நேரில் வரவில்லையே என்று ஊடகங்கள் விமர்சித்தன. அதே மாத இறுதியில் ஒக்லன்டில் ஜேம்ஸ் யிம் லீ புற்றுநோயால் இறந்தார். முதல் ஆசிரியரையும் தன்னைவிட மூத்த மாணவரையும் ஒரே மாதத்தில் இழந்தார்.

அப்போது அவர் எடுத்துக்கொண்டிருந்த படம் 'கேம் ஒஃப் டெத்'. ஒவ்வொரு தளத்திலும் ஒரு காவலரை வென்று கோபுரத்தில் ஏறுவது கதை. அந்தக் காவலர்களாக அவர் நிறுத்தியவர்களில் இருவர் அவருடைய மாணவர்கள். ஒருவர் இனொசான்டோ. மற்றவர் கூடைப்பந்தாட்ட வீரர் கரீம் அப்துல்-ஜபார். கலிபோர்னியாவில் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது புரூஸிடம் கற்றவர், 218 சென்ரிமீற்றர் உயரமானவர். படம் முடிவதற்குள் 1973 ஜூலை 20ஆம் திகதி புரூஸ் லீ ஹொங்கொங்கில் இறந்தார். மூளை வீக்கமே காரணம் என்றும், வலிநிவாரண மாத்திரையின் ஒவ்வாமை அதைத் தூண்டியிருக்கலாம் என்றும் விசாரணையில் சொல்லப்பட்டது. வயது 32.

ஹொங்கொங்கில் பெரும் கூட்டம் திரண்டது. உடல் பின்னர் சியாட்டிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் மக்குயின், கோபர்ன், இனொசான்டோ, கிமுரா ஆகியோரும் இருந்தார்கள்.

ஆசான் இல்லாத பள்ளிகள்

அடுத்த மாதம் வெளியான 'என்டர் த டிராகன்' மேற்கு நாடுகளில் ஒரு அலையைக் கிளப்பியது. ஊருக்கு ஊர் குங்ஃபூ, கராட்டிப் பள்ளிகள் முளைத்தன. அவர் எதிர்த்த பட்டிகளும் சான்றிதழ்களும் அவருடைய படத்தின் கீழேயே விநியோகிக்கப்பட்டன. 1975இல் குறிப்பேடுகள் நூலாக வந்தன. அவர் பயந்தது போலவே அது பலருக்கு வேதமாகவும் ஆனது.

மாணவர்களும் பிரிந்தார்கள். ஆசிரியர் கற்பித்ததை மாற்றாமல் காக்க வேண்டும் என்றார்கள் ஒரு பகுதியினர். ஆசிரியர் செய்தது போல மற்றக் கலைகளிலிருந்தும் எடுத்துச் சேர்த்து வளர்க்க வேண்டும் என்றார்கள் இனொசான்டோவின் வழிவந்தவர்கள். இரண்டு தரப்புக்கும் ஆதாரம் ஒரே குறிப்பேடுகள்தான். யார் உண்மையான வாரிசு, யாருடைய சான்றிதழ் செல்லும் என்ற சச்சரவு தசாப்தக்கணக்கில் நீடித்தது. ஆசிரியர் விட்டுப்போன வெற்று வட்டத்துக்குள் ஒவ்வொருவரும் தங்கள் பெயரை எழுதப் பார்த்தார்கள்.

அவர் சொன்னது பலிக்கவில்லை என்று இதை வைத்து முடிவுகட்டிவிட முடியாது. இன்று லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு தற்காப்புக்கலை வகுப்புக்குள் போகும் எவரையும் உன் இரத்தம் எது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கலையில் கற்றதை இன்னொன்றோடு கலப்பது துரோகமாகவும் பார்க்கப்படுவதில்லை. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் அவர் மட்டுமே காரணமல்ல, ஆனால் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கேள்வி கேட்கக்கூடாத ஆசிரியர் என்ற பிரச்சினை மட்டும் பல பள்ளிகளில் அப்படியே கிடக்கிறது. புதிய கண்டத்தில் பழைய சடங்கைக் கற்றவர்களில் சிலர் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தந்தை என்ற சொல்லுக்குள் இருந்த பொறுப்பை விட்டுவிட்டார்கள்.

கிமுரா இந்தச் சச்சரவுகளில் அதிகம் கலந்துகொள்ளவில்லை. தன் பலசரக்குச் சந்தையின் நிலக்கீழ் அறையில் ஒரு சிறு குழுவுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார். விளம்பரம் இல்லை. அதை ஒரு வருமானமாக அவர் நடத்தவும் இல்லை. 1970இல் ஆசிரியர் கேட்டுக்கொண்டது ஏறக்குறைய அதைத்தான். 1993இல் படப்பிடிப்பு விபத்தொன்றில் புரூஸின் மகன் பிரண்டன் 28 வயதில் இறந்து, தந்தையின் பக்கத்தில் புதைக்கப்பட்டபோதும் கிமுரா அந்த ஊரில்தான் இருந்தார். மேலே கடை, கீழே வகுப்பு, சற்றுத் தொலைவில் மயானம். தன்னை மனிதனாக நிமிர்த்திய பையனின் கல்லறையைத் துடைத்துவிட்டு வந்து, மற்றவர்களுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தார்.